ஒரு தள்ளுவண்டிக்கு நேர்ந்த சேதம்

மடிப்பக்காவின் வலது கால் எலும்பு முறிந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. அது முறியவில்லை என்று கம்பெனி முடிவு செய்தது அதே நாள் பதினொன்றே காலுக்கு. இடைப்பட்ட முப்பத்தைந்து நிமிடமும் அவள் சலவை ஆலையின் மூன்றாவது வாசலருகே, தானே மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின் மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய ஆலை அது. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து ஒரு பக்கம் இறங்கும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போட்டு, மடித்து மறுபக்கம் ஏற்றி அனுப்புவார்கள். மடிக்கும் பிரிவில் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை பார்க்கிறாள். இரட்டைக் கட்டில் விரிப்பை ஆறே அசைவில் மடித்து மூலைக்கு மூலை பொருத்திவிடுவாள். அதனால் மடிப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

மடித்ததை வாசல்வரை கொண்டுபோக இரும்புத் தள்ளுவண்டிகள் உண்டு. பதினேழாம் நம்பர் வண்டியின் முன் இடது சக்கரம் ஒழுங்காகத் திரும்பாது. நேராகத் தள்ளினால் இடது பக்கம் போகும்; இடது பக்கம் தள்ளினால் நின்றுவிடும். மடிப்பக்கா இதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். முதல் தடவை அவர் குறித்துக்கொண்டார். இரண்டாம் தடவை ‘கவனமே கவசம்’ என்று ஒரு சுவரொட்டி ஒட்டினார். மூன்றாம் தடவை, தள்ளுவண்டியைத் தள்ளுவது எப்படி என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். வகுப்பில் அவர் வண்டியைத் தொடவில்லை.

அவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் பூஜ்யம் சார். ‘என் இலக்கு: பூஜ்யம் விபத்து’ என்று தன் அறைக் கதவில் எழுதி வைத்திருந்தார். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்தச் சக்கரம் தரையிலிருந்த சாக்கடை மூடியின் விளிம்பில் மாட்டி, நிறை பாரத்தோடு வண்டி சாய்ந்து, அவள் பாதத்தின் மேல் ஏறி நின்றது. மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். பூஜ்யம் சார் ஓடோடி வந்தார்.

“இடைவேளையில இருந்தீங்களாம்மா?” என்று கேட்டார். குரலில் நம்பிக்கை இருந்தது.

“இல்ல சார், வேலையிலதான்.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. உடம்பு வேலையில இருந்திருக்கலாம். மனசு இடைவேளைக்குப் போயிருக்கலாம்ல?”

வலியில் அவளுக்கு மனசு எங்கே இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. அவர் கவலைக்கு ஒரு காரணம் இருந்தது. ஆலையில் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாளாக விபத்தே இல்லை. முந்நூறைத் தொட்டால் தொழிலாளர் இழப்பீட்டுக்காகக் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் குறையும், தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து விழா எடுப்பார்கள். இன்னும் எட்டே நாள். அந்த எட்டு நாளுக்குக் குறுக்கே ஒரு கால் வந்து நின்றால் யாருக்குத்தான் பதறாது.

கம்பெனி வேனில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பூஜ்யம் சாரும் கூடவே வந்தார். வழியெல்லாம் மடியில் ஒரு விதிப் புத்தகத்தை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். மருந்து தடவித் துணி சுற்றினால் அது முதலுதவி, கணக்கில் வராது. மாவுக்கட்டுப் போட்டால் அது சிகிச்சை, சிகிச்சை என்றால் விபத்து. இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். அவளும் தலையாட்டினாள். ஆட்டும்போது காலும் சேர்ந்து ஆடியது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“எலும்பு முறிஞ்சிருக்கு,” என்றார்.

“முறிஞ்சிருக்கா, இல்ல முறியற மாதிரி இருக்கா?” என்று பூஜ்யம் சார் கேட்டார்.

“ரெண்டு துண்டா இருக்கு.”

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானே சார் இருக்கு?”

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று விசாரித்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே கெட்டியாக மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பூஜ்யம் சார் அசரவில்லை. திரும்பும் வழியிலேயே கோப்பைத் திறந்து எழுதினார்: ‘ஊழியருக்கு வலது காலில் தடித்த காலுறை ஒன்று அணிவிக்கப்பட்டது.’

சாயங்காலம் வீட்டில், அவள் கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பெனி கொடுத்தனுப்பிய படிவத்தைப் புரட்டினார். அவர் தையல்காரர், வீட்டு முன்னறைதான் கடை. பதினான்கு பக்கம் இருந்த அந்தப் படிவத்துக்கு ‘சம்பவமின்மை அறிக்கை’ என்று தலைப்பு. அவர் வாசிக்க வாசிக்க அவள் பதில் சொன்னாள்.

நடக்காத சம்பவம் நடந்த நேரம் என்ன என்று முதல் கேள்வி. அச்சமயம் உங்கள் கால் எங்கே இருந்தது, அங்கே இருக்க அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று அடுத்தது. அப்பா, அம்மா வழியில் யாருக்காவது கால் உண்டா என்று ஒன்று. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். யாருக்காவது கால் முறிவு உண்டா என்பதில் ஒரு சொல் அச்சுப்பிழையாக விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்குத்தான் பிடிபட்டது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. எல்லோருக்கும் உண்டு, ஆளுக்கு இரண்டு என்று அவர் எழுதினார்.

“வீட்டில் நடப்பீர்களா, நடந்தால் எவ்வளவு நேரம்,” என்று வாசித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். “இதுக்கு என்ன போடறது? பறக்கறேன்னு போடவா?”

“விளையாடாதீங்க. உள்ளதப் போடுங்க. சம்பளத்துல கை வெச்சுடப்போறாங்க.”

அவள் பயம் அதுதான். ஆறு வாரம் சம்பளமில்லாமல் போனால் வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தையல் மெஷினின் தலையில் விழும். அவளோடு அவள் நாத்தனாரும் அதே மடிப்புப் பிரிவில்தான் வேலை பார்த்தாள். இரண்டு சம்பளத்திலும் மெஷினிலுமாகச் சேர்ந்துதான் அந்தக் குடும்பம் ஓடியது.

ஓய்வெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கே வேன் வந்து நின்றது. ஒரு நாள் வராவிட்டாலும் ‘வேலை நாள் இழப்பு’ என்று ஏட்டில் ஏறிவிடுமாம். அப்புறம் அதை விபத்து இல்லை என்று சொல்வது கஷ்டமாம். வராவிட்டால் சம்பளமில்லை என்று ஓட்டுநர் சங்கடத்தோடு சொன்னார். கணவரும் ஓட்டுநரும் நாற்காலியோடு தூக்கி அவளை மாடிப்படி இறக்கினார்கள்.

அவளைக் கொண்டுபோய் விட்டது பாய்லருக்குப் பின்னால் இருந்த பழைய சரக்கு அறையில். ‘இலகுப் பணி மையம்’ என்று பலகை தொங்கியது. எல்லோரும் லைட் டூட்டி ரூம் என்றார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மூட்டையண்ணன். துணி மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்து, நான்கு மாதமாக நிமிராமல் தரையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். ஏட்டில் அவருக்கு ‘பணிவு’ என்று போட்டிருந்தது. இன்னொருவர் பாய்லர்காரர். நீராவி பட்டு இரண்டு கையும் மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருந்தார். ஏட்டில் ‘தடித்த கையுறைகள்’.

விடுதித் துணிகளோடு வந்து சேரும் ஒற்றைக் காலுறைகளை ஜோடி சேர்ப்பதுதான் அங்கே வேலை. ஒரு பெரிய தொட்டி நிறையக் கிடந்தன. மூட்டையண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே தேடுவதற்கு அது தோதாக இருந்தது. பாய்லர்காரருக்குக் கை உதவாததால் அவரை மேற்பார்வையாளர் ஆக்கியிருந்தார்கள். தப்பித்தவறி ஜோடி சேர்ந்துவிட்டால், வேலை தீர்ந்துபோகாமல் இருக்க, சாயங்காலம் பூஜ்யம் சார் வந்து பிரித்துக் கலைத்துவிட்டுப் போவார்.

மூட்டையண்ணன் அவள் கட்டை எட்டிப் பார்த்தார். அது மட்டும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

“உன்னுதும் ஒத்தக் காலுறைதான் மடிப்பக்கா. தொட்டிக்குள்ள விழுந்துடாத, ஜோடி தேடிருவாங்க,” என்றார்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்தின் இழப்பீட்டுச் செலவு மேலாண்மைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பூஜ்யம் சார் அதை நின்றபடி வாசித்தார். ஊழியரின் கால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் மட்டுமே கம்பெனியில் இருக்கிறது. மீதிப் பதினாறு மணி நேரம் வீட்டிலும் தெருவிலும் சொந்தக் காரியமாகப் புழங்குகிறது. ஆகவே காலில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கம்பெனி பொறுப்பு. ஐந்து விரலில் அது ஒன்றே முக்கால் விரலுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டைவிரலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கம்பெனியின் பங்கு இரண்டாம் விரலோடு முடிகிறது. முறிந்திருப்பது சுண்டுவிரல் பக்கம். அது வீட்டுப் பங்கு.

“முறிஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்களே சார்,” என்றார் பாய்லர்காரர்.

“முறிஞ்சிருந்தா, அது வீட்டுப் பங்குன்னு சொல்றேன்,” என்று பூஜ்யம் சார் திருத்திவிட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் மடிப்பக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அன்று சாப்பாட்டு வேளையில் நாத்தனார் வந்து உட்கார்ந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினாள். கன்றிப்போய் நீலமாக இருந்தது.

“உங்க இடத்துல என்னைப் போட்டிருக்காங்க அண்ணி. அதே வண்டி. நேத்து அதே மூடிகிட்ட வந்து சாஞ்சுது, காலை இழுத்துக்கிட்டேன்.”

“சக்கரத்த மாத்தலையா?”

“எங்க மாத்தறது. எண்ணெய் விட்டாங்க. அதுவும் வேற சக்கரத்துக்கு.”

மடிப்பக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பூஜ்யம் சாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்தார். கேட்டார். கேட்டுவிட்டு, தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்றார். பாய்லர்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். புதுச் சக்கரம் வாங்க வேண்டுமென்றால் கோரிக்கைப் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் விபத்து எண் கேட்கும்.

“விபத்தே நடக்கலையேம்மா. விபத்து நடக்கலைன்னா சக்கரம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம். நல்லா இருக்கற சக்கரத்த மாத்தினா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க.”

“அப்ப யாருக்காவது அடிபட்டாத்தான் மாத்துவீங்களா சார்?”

“அடிபடாம பாத்துக்கறதுதானேம்மா என் வேலை,” என்றார் அவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் அவளைக் கலங்கடித்தது.

முந்நூறாம் நாள் விழா மடிப்புக் கூடத்தில் நடந்தது. மடிக்கும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கியிருந்தார்கள். லைட் டூட்டி ரூம்காரர்களுக்குக் கடைசி வரிசை. அவள் காலின் மேல் அழகுக்காக ஒரு விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். பாய்லர்காரரைக் கைதட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். பொது மேலாளர் எல்லோரையும் குடும்பம் என்றார். பிறகு, பல கம்பெனிகளுக்கு இழப்பீட்டுச் செலவைக் குறைத்துக் கொடுத்த நிபுணர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார். நிபுணர் மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். கையில் ஒரு நீளக் குச்சி வைத்திருந்தார்.

“தொழிலாளிங்கதான் நம்ம சொத்துன்னு எல்லாரும் மேடையில சொல்றாங்க,” என்று ஆரம்பித்தார். “நான் அத முழுசா நம்பறவன். சொத்துன்னா தேய்மானம் உண்டு. ஒரு மேசைக்குக் கால் ஒடைஞ்சா அந்த மேசை நம்மகிட்ட இழப்பீடு கேக்குதா? கேக்காது. அந்தப் பக்குவம் எல்லா சொத்துக்கும் வரணும். விபத்தைத் தடுக்கறதுக்குச் செலவாகும். விபத்துக்கு இழப்பீடு குடுக்கறதுக்கும் செலவாகும். விபத்த விபத்துன்னு சொல்லாம இருக்கறதுக்குச் சல்லிக்காசு செலவில்ல. பதினாறு கம்பெனியில இத நான் நிரூபிச்சிருக்கேன். அதுல மூணு கம்பெனி இப்ப மூடியிருக்கு. அங்க விபத்து சுத்தமா நின்னுபோச்சு.”

கைதட்டல் ஓய்ந்ததும் யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். கேட்பது வழக்கம், யாரும் எழுந்திருப்பது வழக்கமில்லை. மடிப்பக்காவாலும் எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். பதினேழாம் நம்பர் வண்டிச் சக்கரத்தை எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டாள்.

நிபுணர் பொது மேலாளரைப் பார்த்தார். பொது மேலாளர் பூஜ்யம் சாரைப் பார்த்தார். பூஜ்யம் சாருக்குப் பார்க்க ஆளில்லை, கூரையைப் பார்த்தார்.

“நல்ல கேள்வி,” என்றார் நிபுணர். “வண்டிக்கு ஏதாவது சேதம்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா? குடுத்திருந்தா ஒரு மணி நேரத்துல ஆள் வந்திருக்கும். சொத்துன்னா உடனே கவனிக்கணும். மனுஷன்னா கொஞ்சம் நிதானமா கவனிக்கலாம், ஏன்னா மனுஷனுக்குப் பொறுமை உண்டு.”

மறுநாள் காலை லைட் டூட்டி ரூமில் அவள் இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குச் சேதம் என்று எழுதிக் கொடுத்தால் ஆள் வருமா என்று மூட்டையண்ணனைக் கேட்டாள். அவர் காலுறையைக் கீழே போட்டார். வராமலா, என்றார். தன் மூட்டை இடித்துச் சுவரில் காரை பெயர்ந்த அன்று அரைமணி நேரத்தில் மூன்று அதிகாரிகள் வந்து சுவரைத் தடவிப் பார்த்ததைச் சொன்னார். முதுகைப் பார்க்க இன்றுவரை ஆள் வரவில்லை. சொத்துச் சேதத்துக்கென்று ஒரு மஞ்சள் படிவம் உண்டு, ஒரே பக்கம்தான்.

பாய்லர்காரர் மேற்பார்வையிட, மூட்டையண்ணன் வார்த்தை எடுத்துக் கொடுக்க, மடிப்பக்கா எழுதினாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, பணி நேரத்தில், மூன்றாவது வாசலருகே, என் வலது கால் குறுக்கே இருந்த காரணத்தால், நிறுவனத்தின் பதினேழாம் நம்பர் தள்ளுவண்டி அதன் மேல் ஏற நேரிட்டு, முன் இடது சக்கரம் சேதமடைந்துவிட்டது. வருந்துகிறேன்.

நாற்பதாவது நிமிடம் ஆட்கள் வந்துவிட்டார்கள். பராமரிப்பு எஞ்சினியர் மண்டியிட்டு டார்ச் அடித்துச் சக்கரத்தைப் பார்த்தார். ஒருவர் நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார். இன்னொருவர் வண்டியின் கைப்பிடியை மெல்லத் தடவிக்கொடுத்துவிட்டு, பாவம், எவ்வளவு நாளாக இப்படி இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார். மத்தியானத்துக்குள் புதுச் சக்கரம் மாட்டியாகிவிட்டது. நாத்தனார் ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு லைட் டூட்டி ரூம் வாசல்வரை வந்து காட்டிவிட்டுப் போனாள். மடிப்பக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து, அன்றைக்கு நிம்மதியாக மூன்று ஜோடி சேர்த்தாள்.

ஆனால் மஞ்சள் படிவம் போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. சக்கரத்தின் விலையைச் சொத்துக் காப்பீட்டில் வாங்கிவிடலாம் என்று பொது மேலாளருக்கு யோசனை வந்தது. அதற்கு, சேதத்துக்குக் காரணமானவர் மேல் நடவடிக்கை எடுத்த தாள் வேண்டும். மடிப்பக்காவுக்கு மெமோ வந்தது: ‘தாங்கள் தங்கள் காலைக் கவனக்குறைவாகப் பயன்படுத்தி நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியது ஏன்?’

விசாரணை பூஜ்யம் சார் தலைமையில் நடந்தது. சொத்துக் காப்பீட்டுப் பிரீமியம் அவர் பிரிவில் வராது. அதனால் மனிதர் உற்சாகமாக இருந்தார். மடிப்பக்கா தன்னால் முடிந்தவரை ஒத்துழைத்தாள். கால் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குதானே சார் கம்பெனியோடது, மீதி வீட்டுப் பங்கு வண்டியைச் சேதப்படுத்தியிருக்கலாம் இல்லையா என்று உண்மையாகவே குழம்பிக் கேட்டாள்.

“அதெல்லாம் செல்லாதும்மா,” என்றார் பூஜ்யம் சார் கண்டிப்பாக. “சேதம் நடந்த நேரத்துல உங்க கால் முழுசும் கம்பெனி வேலையிலதான் இருந்தது. அஞ்சு விரலும். எழுதிக்குங்க.”

எழுதுகிறவர் எழுதினார். லேசாகப் பட்டிருந்தால் சக்கரம் ஏன் கெட்டுப்போகிறது என்று காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்களே என்று அடுத்த சிக்கல் வந்தது. பூஜ்யம் சார் அதற்கும் வழி வைத்திருந்தார். டாக்டரிடமிருந்து எக்ஸ்ரே படத்தை வரவழைத்து, எலும்பு இரண்டு துண்டாகும் அளவுக்குக் கால் வண்டியைப் பலமாகத் தாக்கியிருக்கிறது என்பதற்கு ஆதாரமாக இணைத்தார். வண்டியின் எடை, பாரத்தின் எடை, நேரம், இடம் எல்லாவற்றையும் சாட்சிகள் மூன்று பேர் உறுதிப்படுத்தினார்கள். பொது மேலாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். மடிப்பக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. சக்கரத்தின் விலையை மூன்று தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

வீட்டில் அந்த உத்தரவைப் படித்துவிட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலை மேசையில் போட்டார். காலையும் உடைத்துவிட்டு வண்டிக்குக் காசும் கேட்கிறார்களா, இப்போதே போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினார். மடிப்பக்கா அந்த உத்தரவை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அவர் பாதிச் சட்டையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“அந்த ரெண்டாம் பக்கத்த இன்னொரு தடவை படிங்க,” என்றாள்.

படித்தார்.

“மெதுவா. கால் வர்ற இடத்த.”

‘பணி நேரத்தில், நிறுவன வளாகத்தில், நிறுவனத்தின் வண்டியோடு ஊழியரின் வலது கால் முழுமையாக மோதியதில் எலும்பு இரு துண்டானது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.’ அவர் படித்து முடித்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். ஒரு சுத்தமான துணியை எடுத்து அந்த உத்தரவை அதில் சுற்றி, அளவு நோட்டுக்குள் வைத்தார்.

தொழிலாளர் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. நாற்காலியோடு தூக்கிப் போவது அதற்குள் கணவருக்குப் பழகியிருந்தது. அங்கே இருந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். ஒன்றுமே நடக்கவில்லை என்று கம்பெனிகள் எழுதிய தாள்களைப் படித்துப் படித்தே அவருக்குக் கண்ணாடியின் பவர் ஏறியிருந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து அலுப்போடு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மடிப்பக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் பூஜ்யம் சாரை அழைத்தார்கள். அவர் பதினான்கு பக்கச் சம்பவமின்மை அறிக்கையோடு நம்பிக்கையாக வந்தார். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“இதுல மோதல் நடக்கலைன்னு எழுதியிருக்கீங்க. இதுல நடந்ததுன்னு எழுதியிருக்கீங்க. எது சரி?”

“ரெண்டும் சரிதான் மேடம். மோதல் நடந்தது உண்மை. அது வண்டிக்கு நடந்தது. காலுக்கு நடக்கலை.”

“கால்ல எலும்பு ரெண்டா போயிருக்கே.”

“அது வண்டி சேதத்துக்கான ஆதாரம் மேடம்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இதை நீங்கள் சொன்னபடியே பதிந்துகொள்ளலாமா என்று கேட்டார். பூஜ்யம் சார், தான் சொல்வதை ஒருவர் இவ்வளவு கவனமாக எழுதிக்கொள்வதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், வேகமாக எழுத வசதியாக இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கீழே கையெழுத்தும் போட்டார். தேதி போட மறந்துவிட்டதாகச் சொல்லி, தானாகவே திரும்பி வாங்கித் தேதியும் போட்டார்.

உத்தரவு வர அதிக நாள் ஆகவில்லை. முறிந்த காலுக்குச் சட்டப்படி உள்ள இழப்பீடு, கட்டுப் பிரிக்கும்வரை சம்பளத்தோடு வீட்டில் ஓய்வு, சக்கரத்துக்குப் பிடித்த பணம் திரும்ப. பொது மேலாளர் பூஜ்யம் சாரைக் கூப்பிட்டு இவ்வளவு துல்லியமாக உன்னை யார் விசாரிக்கச் சொன்னது என்று கேட்டதாகவும், விசாரணையில் ஒரு குறையும் சொல்ல முடியாததால்தான் மேலாளருக்குக் கோபம் வந்தது என்று பூஜ்யம் சார் இன்னும் நம்பிக்கொண்டிருப்பதாகவும் நாத்தனார் வந்து சொன்னாள்.

ஓய்வின் நான்காம் நாள். மடிப்பக்கா முன்னறையில் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, கணவர் வெட்டிப்போட்ட துணிகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் அரவம் கேட்டது. மூட்டையண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் பாய்லர்காரர், கக்கத்தில் ஒரு கட்டு மஞ்சள் படிவம் இடுக்கியிருந்தார். வெளியே இன்னும் இரண்டு மூன்று தலை தெரிந்தது. தலைமை அலுவலகத்தில் மஞ்சள் படிவத்தை மாற்றப் போகிறார்களாம், ஊழியரின் உடம்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வரக் கூடாது என்று சுற்றறிக்கை தயாராகிறதாம். அச்சாகி வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

“என் கை பட்டு கம்பெனியோட நீராவி வீணாப்போச்சுன்னு எழுதலாமா மடிப்பக்கா?” என்று பாய்லர்காரர் கேட்டார். “எவ்வளவு நீராவின்னு கணக்கு வெச்சிருக்கேன்.”

“தாராளமா எழுதலாம்,” என்றாள் அவள். “முதல்ல அண்ணன் வந்தாரு, அவரோடத முடிச்சுடலாம்.”

தையல்காரர் மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தார். அவள் ஒரு படிவத்தை எடுத்துத் தேதி போட்டுவிட்டு, பேனாவும் கையுமாக மூட்டையண்ணனைப் பார்த்தாள்.

“சொல்லுங்கண்ணே. அந்த மூட்டைக்கு எங்க அடிபட்டுது?”